நாற்பது சென்ட் மேகம்

தை பிறந்து மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மேகங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து மலையைத் தாண்டிப் போகாமல் யோகராணியின் தேயிலைச் செடிகளுக்கு மேலே நின்றுவிட்டது. மூங்கில்கொல்லியில் மேகம் வருவதையும் போவதையும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. துணி காயப்போட்டவர்கள் மட்டும் பார்ப்பார்கள். ஆனால் இது மத்தியானமும் அங்கேயே இருந்தது, சாயங்காலமும் இருந்தது, மறுநாள் விடிந்தபோதும், விருந்துக்கு வந்தவர் பாயைச் சுருட்டாமல் படுத்திருப்பதைப்போல, அதே இடத்தில் கிடந்தது. யோகராணிக்கு நாற்பது சென்ட் நிலம். மேகமும் நாற்பது சென்ட்தான். கிழக்கே பரமானந்தத்தின் அவரைப் பந்தல் வரைக்கும், மேற்கே ஓடை வரைக்கும், வேலிக்கு வேலி சரியாக இருந்தது.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து சர்வே எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, மேகத்துக்குத் தனிப் பட்டா தேவையில்லை, நிலத்துக்கு இருப்பதே போதும் என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து சூடம் காட்டினார். அன்றைக்கு மத்தியானமே சர்ச்சிலிருந்து வந்து ஜெபம் செய்தார்கள். மேகம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நின்றது. பரமானந்தம் மட்டும், சாயங்கால வெயிலில் இதன் நிழல் என் அவரைக் கொடிமேல் சாய்கிறது, இனிமேல் காய் பிடித்த மாதிரிதான் என்று வேலியோரம் நின்று சத்தம் போட்டார். மறுநாள் மேகம் தன் கிழக்கு ஓரத்தை, சேறு மிதிக்கப் போகிறவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்வதைப்போல, நான்கு முழம் உள்ளே மடித்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

இரண்டாவது வாரத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. மேகத்துக்கு அடியில் மழையும் இல்லை, ஈரமும் இல்லை. பால் பாத்திரத்துக்குள் இருந்து பார்ப்பதைப்போல ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள், குழந்தைகள் மூன்று மணிநேரம் புரளாமல் தூங்கின. பஸ் கண்டக்டர் இளவழகன், "மேகத்தடி எல்லாம் இறங்கு" என்று கடைசி ஸ்டாப்புக்குப் புதுப் பேர் வைத்தான். டிக்கெட்டில் பழைய பேர்தான் இருந்தது.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடலூரிலிருந்து வருகிற சாலை எங்கள் ஊரோடு முடிகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒரே பஸ், நாலு நடை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பெண்கள் பிரசவத்துக்குப் போவதும், இறந்தவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதும் அதில்தான். அதை இருபத்தோரு வருஷமாக ஓட்டுகிறவர் யோகராணியின் புருஷன் கிருபாகரன். சாலையில் ஆடு படுத்திருந்தால் இறங்கிப்போய்த் தட்டி எழுப்புவாரே தவிர ஹாரன் அடிக்க மாட்டார் என்று அவருக்குப் பேர்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஆடி மழையில், பதினோராவது வளைவில், அவர் பஸ் கடந்த மறு நிமிஷம் பின்னால் மலை சரிந்து விழுந்தது. உள்ளே முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து கிருபாகரனின் நெஞ்சு, வண்டி நின்ற பிறகும் அணைக்காத இன்ஜின் மாதிரி, ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ராத்தூக்கம் போயிற்று. தூக்கம் இல்லாததால் பகலில் கண் சொக்கிற்று. கண் சொக்காமல் இருக்க ஒவ்வொரு கடையிலும் நிறுத்தி, சர்க்கரை தூக்கலாக டீ குடித்தார். ஒரு நாளைக்குப் பதினான்கு கிளாஸ், வளைவுக்கு ஒன்று என்று இளவழகன் கணக்குச் சொல்வான். கை நடுங்கியது. ஆட்டுக்குக்கூட இறங்கிப் போனவர், படியில் ஏறத் தாமதமான கர்ப்பிணியைப் பார்த்து, "சீக்கிரம் ஏறு, இல்லாட்டி நடந்து வா!" என்று கத்தினார். கத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

துணை சுகாதார நிலைய நர்ஸ் ஜெசிந்தா வியாழக்கிழமைதோறும் வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பாள். ரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. ரத்தத்தில் சர்க்கரையும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"டிரைவரண்ணா, வைகாசியில டிப்போ மெடிக்கல் வருது. இப்படியே போனா ஃபெயில் பண்ணிருவாங்க."

"பண்ணட்டும் சிஸ்டர். நிம்மதியா வீட்ல கிடப்பேன்."

"நீங்க கிடப்பீங்க. இந்த ரோட்டுக்கு வேற யாரு வருவா?"

அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மலை சரிந்ததற்குப் பிறகு மூன்று டிரைவர்களை மாற்றுக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஒன்பதாவது வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து இறங்கிப் போனார். கிருபாகரன் இல்லையென்றால் பஸ் இல்லை.

மேகம் வந்து இருபத்திரண்டாம் நாள் யோகராணி கொழுந்து பறித்தாள். இலை ஒவ்வொன்றும் மயில் கழுத்து மாதிரி இருட்டுப் பச்சையாக, துணியைப்போலத் தொய்வாக இருந்தது. தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தராசில் வைத்தபோது, இலை எடுக்கிற ஏஜென்ட் ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான்.

"வெயிலே படாம வளர்ந்திருக்கு, யக்கா. இதைப் போட்டா டீத்தூள்ல நெறமே ஏறாது. கொண்டுபோய்க் கறிவேப்பிலைப் பொடி மாதிரி இடிச்சுத் தின்னு."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டு வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்திறங்கியதிலிருந்து எதையும் வீணாக்கிப் பழக்கமில்லாத யோகராணி, திரும்பி வருகிற வழியில் ஒரு இலையை மென்று பார்த்தாள். கசப்புக்குப் பதிலாக, இளம் அவரைக்காய் வேகும்போது வருகிற இனிப்பு நாக்கில் ஏறியது. வீட்டுக்கு வந்ததும், அவன் சொன்னதையே செய்தாள்.

இலை கருக்காமல் இருக்க இட்லிப் பானையில் ஒரே ஆவி காட்டி எடுத்தாள். மேகத்தின் நிழலிலேயே விரித்து உலர்த்தினாள். நரம்பையும் காம்பையும் கிள்ளிப் போட்டாள். திருகையில் போட்டு, வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி வாசம் போய்விடுகிறது என்று கண்டுகொண்டு, தாலாட்டு வேகத்தில் அரைத்தாள். வேட்டித் துணியில் சலித்தபோது விரலில் பவுடர் மாதிரி ஒட்டிக்கொள்கிற பச்சைப்பொடி வந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கியதும் அரை ஸ்பூன் பொடியைப் போட்டு, மோர் கடைகிற சின்ன மத்தால் நுரை வரக் கடைந்து, பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் குடித்தாள். குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

மத்தியானத்தில் எப்போதும் அழுத்துகிற அசதி அன்றைக்கு வரவில்லை. ஆனால் கறுப்பு டீ குடித்தால் வருகிற படபடப்பும் வரவில்லை. உடம்பு முழுக்க விழித்துக்கொண்டிருந்தது, ஆனால் எங்கேயும் போக வேண்டும் என்ற அவசரம் அதற்கு இல்லை. இது அவருக்கு ஆகும் என்று அவளுக்கு உடனே தோன்றியது.

கிருபாகரன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன ராணி இது, குளத்துப் பாசியா?"

"குடிச்சிட்டுச் சொல்லுங்க."

"சர்க்கரை?"

"கிடையாது."

சண்டை வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அன்று மூன்றாவது நடை முடிந்து ஊருக்குள் வண்டியை நிறுத்தியபோதுதான், வழியில் ஒரு கடையிலும் தான் இறங்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இளவழகன் அவரைவிட முன்னாலேயே அதைக் கவனித்திருந்தான். கண் பட்டுவிடும் என்று பேசாமல் இருந்தான்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. நாலு மணிக்குமேல் குடித்தால் தூக்கம் கெடும் என்று யோகராணி பொடி டின்னை மூடிவிடுவாள். முதல் வாரம் பழைய பதினான்கு டீ, சோறு போட்டுப் பழக்கிய நாயைப்போல அவரைத் துரத்தியது, தலை வலித்தது. இரண்டாவது வாரம் வலி விட்டது. மூன்றாவது வாரம் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் நாலரைக்குத்தான் எழுந்தார், எழுந்து, தான் தூங்கிவிட்டதை நம்பாமல் மனைவியை எழுப்பிக் கேட்டார். ஜெசிந்தா வந்து பட்டையைச் சுற்றினாள். நூற்றறுபது. அடுத்த மாதம் நூற்று நாற்பது.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர், ராணி விடமாட்டேங்கிறா."

"நிறுத்துனீங்கன்னா உங்களைக் கொன்னுருவேன். மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, சர்க்கரை டீயை விட்டது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எது எவ்வளவு இழுக்குதுன்னு என்னைக் கேக்காதீங்க. வண்டி ஏறுது, அது போதும்." பிறகு டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு யோகராணியிடம் திரும்பினாள். "யக்கா, ஜப்பான்ல இதே மாதிரி செடியை மூடி வெச்சு, நிழல்லயே வளர்த்து, பொடி பண்ணிக் குடிக்கிறாங்க தெரியுமா? நம்ம டீயில சாறை இறக்கிட்டு இலையைத் தூக்கிப் போட்டுர்றோம். இதுல இலையே உள்ள போகுது, அதுல இருக்கிற சத்து மொத்தமும். மாட்சான்னு பேரு."

"மச்சானா?"

அதற்குப் பிறகு அதை யாராலும் மாற்ற முடியவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மச்சான் டீ என்றே பேர் நிலைத்துவிட்டது.

மேகம் எங்களுக்கு எப்படி வழக்கமாகிப்போனதோ அப்படியே மச்சான் டீயும் ஆகிப்போனது. காலையில் ஆறு மணிக்கு யோகராணி வீட்டு மத்துச் சத்தம் கேட்டால், டம்ளரை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். கணக்கு டீச்சர், பிள்ளைகள் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் தலைக்குள் ஒரு மூலை அமைதியாக இருக்கிறது என்றார். ராத்திரி யானைக்காவல் போகிறவர்கள், விடியக்காலையில் இதைக் குடித்தால் கண்ணெரிச்சல் போகிறது என்றார்கள். வெற்றிலை போட்டுப் போட்டு ஈறு வீங்கியிருந்த பெண்கள், வாய்க்கு இது இதமாக இருக்கிறது என்று கடைசி மடக்கைக் கொப்பளித்து விழுங்கினார்கள். உடம்பு இளைக்கும் என்று யாரோ சொல்ல, பரமானந்தத்தின் மகள் குடித்துவிட்டுத் தினமும் கண்ணாடி பார்த்தாள், இளைத்ததாக அவள் மட்டும் சொன்னாள். ஜெசிந்தா ஒரு நாள் அந்த வரிசையில் புகுந்து, ரத்தசோகை உள்ளவர்களையும் மாசமாக இருந்த இரண்டு பேரையும் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "சோறு தின்னதும் இதைக் குடிச்சா சோத்துல இருக்கிற இரும்புச்சத்து ஒட்டாது. ரத்தம் கம்மியா இருக்கிறவங்க ஒரு மணிநேரம் கழிச்சுக் குடிங்க. நீங்க ரெண்டு பேரும் பிள்ளையைப் பெத்துட்டு வாங்க." மேகத்துக்கு எழுத்தில் எந்த விதியும் இல்லாத எங்கள் ஊரில், மேகத்தின் டீக்கு இப்படி விதி வந்தது.

பங்குனி கடைசியில் ஒரு காலை யோகராணி கதவைத் திறந்தபோது செடிகள்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேகம் போய்விட்டிருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை. நாலாவது வளைவில் டீக்கடை வைத்திருந்தவர், நாற்பது சென்ட் அளவில் ஒன்று முதுமலைப் பக்கம் தனியாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். சாப்பிட்டு முடித்தவர் எழுந்துதானே ஆக வேண்டும் என்றாள் யோகராணி. ஆனால் டின்னில் பொடி பத்து நாளைக்குத்தான் இருந்தது. வைகாசி மெடிக்கலுக்கு ஐம்பது நாள் இருந்தது.

வெயிலில் துளிர்த்த இலையை அரைத்துப் பார்த்தாள். நிறம் வெளுத்து, கசப்பு முன்னால் வந்து நின்றது. பொடி தீர்ந்த நாலாம் நாள், மூன்றாவது வளைவில் ஒரு ஜீப் குறுக்கே வந்துவிட, கிருபாகரன் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவேயில்லை. ஜீப் போய், அடுத்த வளைவு வந்து, அதற்கு அடுத்ததும் வரும்வரை ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "என்னால முடியாது ராணி. நாளைக்கு எழுதிக் குடுத்துர்றேன்" என்றார்.

இளவழகன் அதை வாசலில் நின்று கேட்டான். அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை முதலில் வந்தவர் பரமானந்தம். தோளில் நாலு மூங்கில், தலையில் ஒரு பெரிய துணி மூட்டை. வேலியோரம் நிற்காமல் நேரே உள்ளே வந்து, குழி தோண்ட ஆரம்பித்தார்.

"என்ன அண்ணே இது?" என்று யோகராணி கேட்டாள்.

"மக கல்யாணப் பந்தல் துணி. ஜப்பான்காரன் செடியை மூடி வெச்சுத்தான் வளர்க்கிறான்னு அந்த நர்சம்மா சொல்லலையா? அவன் ஊருக்கெல்லாம் மேகமா வருது? துணியைத்தான் கட்டுறான்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நெழல் எம்பக்கம் சாஞ்சா சாயட்டும்."

அதற்குப் பிறகு வந்தவர்களை எண்ண முடியவில்லை. பொங்கலுக்குக் கிடைத்த சேலை, முகூர்த்தச் சேலை, இறந்துபோன அக்காவின் சேலை என்று கொண்டுவந்தார்கள்; சர்ச்சிலிருந்து தவக்காலத்து ஊதாத் திரையும், பள்ளிவாசலிலிருந்து நோன்புப் பந்தல் துணியும், மாரியம்மன் கோயிலிலிருந்து மஞ்சள் துணியும், பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டு விழா ஷாமியானாவும் வந்தன; இரண்டு கட்சிக்காரர்கள், சின்னத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓடையிலிருந்து அவரைப் பந்தல்வரை, வேலிக்கு வேலி, நாற்பது சென்ட்டையும் மூடினோம். முதல் பத்து நாள் ஒரு அடுக்கு, பிறகு மேலே இன்னொரு அடுக்கு. சித்திரைக் காற்று கிழித்ததைப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு நின்றபடியே தைத்தார்கள். கீழே குனிந்து போனால் செடிகள்மேல் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

கிருபாகரன் அதன் நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து இளவழகன் அவசரமாகச் சொன்னான்: "அண்ணே, உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. எங்க பஸ்ஸுக்காக."

சாவி மேஜையிலிருந்து அவர் பைக்குப் போயிற்று. இருபத்தோரு நாள், கை நடுக்கத்தோடு, இரண்டாவது கியருக்கு மேல் போடாமல் ஓட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் தாமதமாகப் போனார்கள், கணக்கு டீச்சரும் அதே பஸ்ஸில் இருந்ததால் கேட்க ஆளில்லை. இருபத்திரண்டாம் நாள் யோகராணி பறித்தாள். இட்லிப் பானை, நிழல், திருகை, வேட்டித் துணி, மத்து. முதல் டம்ளரை ஊரே சுற்றி நின்று பார்க்க, அவர் குடித்து முடித்து, நாக்கைச் சுழற்றிவிட்டு, "அதேதான்" என்றார்.

வைகாசியில் டிப்போவிலிருந்து டாக்டர் நசீமா வந்தார். ஜெசிந்தா அவரிடம் தனியாகப் பேசினாள். "மேடம், ஆஸ்பத்திரி நாற்காலியில உக்காந்தா யாருக்கும் பிரஷர் ஏறும். அவர் ஓட்டுறதைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க." டாக்டர் சிரித்துக்கொண்டே காலை ஆறரை வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்தார்.

ஏழாவது வளைவு திரும்பியதும் சாலையில் யானை நின்றது. ஒன்றல்ல, ஐந்து, கூடவே தாயின் வயிற்றுக்கு அடியில் ஒரு குட்டி. பின்னால் எடுக்க வளைவில் இடமில்லை. கிருபாகரன் ஹாரனைத் தொடவில்லை, பிரேக்கைக்கூடச் சத்தம் வராமல் மிதித்து, இன்ஜினை அணைத்து, கையைச் சும்மா ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டார். பெரிய யானை காதை விரித்துக்கொண்டு நடந்துவந்து, கண்ணாடிக்கு நாலு முழத்தில் நின்று, துதிக்கையைத் தூக்கி எங்களை முகர்ந்தது. நாங்கள் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு குழந்தை அழ வாயெடுத்தது. அதன் அம்மா முலையைக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க," என்று கிருபாகரன் திரும்பாமலேயே, பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்பதைப்போலச் சொன்னார். "குட்டி மேட்டுல ஏறத் தெரியாம நிக்குது. ஏத்திட்டுப் போயிருவாங்க."

டாக்டர் நசீமா மெல்லக் கையை நீட்டி, அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினார். நம்பாமல் இன்னொரு நிமிஷம் எண்ணினார். யானை நின்றுகொண்டேயிருந்தது. பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்து எழுதினார், எழுதிய அவர் விரல்கள்தான் நடுங்கின. எழுத்து கோணிக்கொண்டு போனது: நாடி எழுபத்திரண்டு.

இருபது நிமிஷம் கழித்துப் பெரிய யானை திரும்பிப்போய், குட்டியைத் தலையால் முட்டி மேட்டில் ஏற்றியது. கடைசி வாலும் காட்டுக்குள் மறைந்த பிறகும் கிருபாகரன் இன்ஜினைப் போடவில்லை. சீட்டில் திரும்பி உட்கார்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாருக்காவது படபடன்னு இருக்கா? இருந்தா சொல்லுங்க, கொஞ்சம் இருந்துட்டுப் போலாம்."

டாக்டர் நசீமா, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல, கையைத் தூக்கினார்.

கிருபாகரன் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து, நன்றாகக் குலுக்கி, மூடியில் பச்சையாக ஊற்றி அவரிடம் நீட்டினார். டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, மூடியைப் பிளாஸ்கோடு பின்சீட்டுக்குக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு வாய். கடைசிப் படியில் நின்ற பரமானந்தம்வரை அது போய்த் திரும்பும் வரைக்கும், பஸ் அந்த வளைவிலேயே நின்றது.